இரவிலும் ஆறாத நகரம்

சித்திரை பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் வெக்கையைப் பற்றியவையாகவே இருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தபோது அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில், கோடையானாலும் இரவு ஒன்பது மணிக்கு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் உடம்பு ஆறிவிடுகிறது. இங்கே பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடுகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர்தான். காய்வதும் ஒரே வெயில். பிறகு ஏன் இந்த வேறுபாடு?
— வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: நீங்கள் பகல் வெயிலை விட்டுவிட்டு இரவைப் பற்றிக் கேட்டிருப்பதே சரியான இடத்தில் கை வைத்தது போல் இருக்கிறது. நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பது முதலாவதாகவும் முக்கியமாகவும் இரவில் நிகழும் ஒன்று. லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்டு என்னும் மருந்துத் தயாரிப்பாளர், மேகங்களுக்கு இன்று நாம் வழங்கும் பெயர்களை வகுத்துத் தந்தவர், லண்டனின் தட்பவெப்பம் பற்றிய தமது நூலை 1818 முதல் 1820 வரை வெளியிட்டபோதே இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். நகருக்குள் எடுத்த அளவுகளையும் புறநகரில் தாம் எடுத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டதில், இரவில் நகரம் 3.7 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருந்ததையும், பகலில் மிகச் சிறிய அளவு குளிர்ந்தே இருந்ததையும் அவர் பதிவு செய்தார். இந்த நிகழ்வைத்தான் இன்று நகர வெப்பத் தீவு என்கிறார்கள்.

உங்கள் கிராமத்து வயலில் இருந்து தொடங்குவோம். கோடையில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் நாள் முழுவதும் விழும் வெயிலின் ஆற்றல் சுமார் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் நெல்வயல் இருந்தால், மண்ணிலிருந்தும் பயிரின் இலைகளிலிருந்தும் நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.7 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் வேண்டும். முப்பது டிகிரியில் உள்ள அதே லிட்டர் நீரைக் கொதிநிலை வரை சூடாக்கத் தேவைப்படுவதைப் போல் இது எட்டு மடங்கு. ஆகவே வயலில் விழுந்த 6 யூனிட்டில் பாதிக்கு மேல் நீராவிக்குள் ஒளிந்துகொண்டு, காற்றைச் சூடாக்காமலே மேலே போய்விடுகிறது. தாரும் காங்கிரீட்டும் பாவிய தெருவில் ஆவியாக நீரே இல்லை. பெய்யும் மழையையும் சில நிமிடங்களில் வடிகாலுக்குள் தள்ளிவிடுகிறோம். எனவே அங்கே விழும் வெயிலில் திருப்பி அனுப்பப்படுவது போக மீதியெல்லாம் கல்லையும் காற்றையும் சூடாக்கவே செலவாகிறது. புதிதாகப் போட்ட தார்ச்சாலை திருப்பி அனுப்புவதோ நூற்றில் ஐந்து பங்கு அளவுதான்.

அடுத்தது, அந்தச் சூடு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றின் மேல் ஐந்து அங்குலக் கனத்தில் போட்ட காங்கிரீட் தளத்தின் எடை ஏறத்தாழ இரண்டே முக்கால் டன். பகலில் அது 15 டிகிரி சூடேறினால், அதற்குள் சேரும் வெப்பம் சுமார் 10 யூனிட். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்றைத் தலைக்கு மேல் வைத்துப் பத்து மணி நேரம் எரிய விட்டால் வெளிவரும் வெப்பம் அது. அதில் ஒரு பகுதி மேல்புறமாக வானத்துக்குப் போகிறது. மீதி கீழே படுத்திருப்பவரை நோக்கி இறங்குகிறது. மேல்புறத்தில் நண்பகலில் ஏறிய சூடு தளத்தின் உட்புறத்தை வந்தடையச் சில மணி நேரமாகும் என்பதால்தான், வெயில் இறங்கி விளக்கேற்றிய பிறகு அறை மேலும் காந்துகிறது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. இன்று இரவு வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். இரு பக்கமும் நான்கு மாடிகள் எழும்பிய இருபதடித் தெருவில் வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரியும். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை ஓயாமல் உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. திறந்த வயலோ களத்துமேடோ உமிழ்வது முழு வானத்தை நோக்கிப் போய்விடுகிறது, திரும்பி வருவது குறைவு. ஆகவே நிலம் விரைந்து குளிர்ந்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றையும் குளிரச் செய்கிறது. தை, மாசி மாதங்களில் புல்லின் மேல் பனி இறங்குவது இதனால்தான். உங்கள் தெருவிலோ ஒரு சுவர் உமிழ்வதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது, எதிர்ச்சுவர் உமிழ்வதை இது வாங்கிக்கொள்கிறது. வானத்துக்கு வழி கிடைப்பது அந்த நாடா அளவுக்கு மட்டுமே. காற்றும் கட்டடங்களில் முட்டி வேகம் குறைந்துவிடுவதால், தேங்கிய சூட்டை அள்ளிக்கொண்டு போகவும் ஆளில்லை. கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய டிமதி ஓக் என்னும் அறிஞர், கட்டடத்தின் உயரத்துக்கும் தெருவின் அகலத்துக்கும் உள்ள விகிதம் கூடக் கூட நகர, கிராம இரவு வெப்ப வேறுபாடும் கூடுகிறது என்பதைப் பல நகரங்களின் அளவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்.

உங்கள் பகுதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் வடித்துத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் பெயரளவில் இருக்கின்றன. அங்கே நின்று பார்க்க ஏரி இல்லை. மதுராந்தகத்தில் ஏரி இன்னும் ஏரியாக இருக்கிறது.

கேள்வி: நகரத்தின் நடுப்பகுதிதான் அதிகம் சூடாகும் என்றால், கோடையில் வானொலிச் செய்தியில் மீனம்பாக்கத்தின் வெப்பநிலை நுங்கம்பாக்கத்தைவிட அதிகமாகச் சொல்லப்படுவது ஏன்?
— வாசகர், பம்மல்

பதில்: செய்தியில் சொல்லப்படுவது பெரும்பாலும் அன்றைய அதிகபட்ச வெப்பநிலை, அதாவது பிற்பகல் கணக்கு. கோடைப் பிற்பகலில் சென்னையின் வெப்பத்தைத் தீர்மானிப்பது கட்டடங்களைக் காட்டிலும் கடற்காற்றுதான். அது கரையேறி மேற்கே நகரும்போது நுங்கம்பாக்கத்தை முதலில் தொடுகிறது. உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்கு நேரம் கழித்தே போய்ச் சேர்கிறது. அந்த இடைவெளியில் அங்கே வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறிவிடுகிறது. கடற்காற்று வராமலே போகும் நாட்களில் இரண்டு இடங்களும் ஒரே மாதிரி தகிக்கும்.

குறைந்தபட்ச வெப்பநிலையை எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத தை மாத விடியற்காலையில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்திருப்பதை வானிலை ஆய்வு மையத்தின் அன்றாடப் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். இத்தனைக்கும் மீனம்பாக்கம் இன்று கிராமம் அல்ல. விமான நிலையத்தின் திறந்தவெளி ஒன்றே அந்த அளவுக்கு உதவுகிறது.

பகலில் நகரம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருப்பதும் உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்வது நியாயம். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் மானாவாரி நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ஆவியாக ஈரம் இருக்காது. அப்போது செயற்கைக்கோள் அளக்கும் தரை வெப்பநிலையில், மரமும் பூங்காவும் உள்ள நகரத்தைவிட அந்த நிலமே சூடாகத் தெரிகிறது. இந்தியாவின் பல நகரங்களுக்கு இது பொருந்தும். ஆனால் பொழுது சாய்ந்ததும் அந்த வறண்ட நிலம் விரைவில் ஆறிவிடுகிறது, நகரம் ஆறுவதில்லை.

கேள்வி: ஏசி பெருகியதால்தான் தெருவெல்லாம் அனலாக இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவுக்கு உண்மை. ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது, மணிக்குச் சுமார் 5 யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து எடுத்து, அதற்காகத் தான் செலவழிக்கும் ஒன்றரை யூனிட் மின்சாரத்தையும் சேர்த்து ஆறரை யூனிட்டாக வெளியே தள்ளுகிறது. ஒரு தெருவில் நாற்பது ஏசி ஓடினால் மணிக்கு 260 யூனிட். வெளியே வைத்திருக்கும் பெட்டிக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். அறையிலிருந்து எடுத்த 5 யூனிட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்து சுவர் வழியாகவும் தளம் வழியாகவும் உள்ளே வந்ததுதான். புதிதாகச் சேர்வது அந்த மின்சாரத்தின் பங்கு. வாகனப் புகை, அடுப்பு, தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் வெப்பத்தையும் கூட்டினாலும், நம் ஊர்களில் வெயில் தரும் வெப்பத்தோடு ஒப்பிட இவை சிறியவையே. ஏசியின் தீங்கு அதன் நேரத்தில் இருக்கிறது. காற்று அசையாமல் கிடக்கும் நள்ளிரவில், வானம் மறைந்த குறுகிய தெருவுக்குள் அது வெப்பத்தைக் கொட்டுகிறது. அதைத் தாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் ஏசி வாங்க முடியாமல் சன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். இது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: நகரங்கள் சூடாவதைத்தான் உலகமே சூடாகிறது என்று சொல்லிவிடுகிறார்களா? பெரும்பாலான வெப்பமானிகள் நகரங்களில்தானே இருக்கின்றன?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இல்லை. நகரமே இல்லாத பெருங்கடல்களின் மேற்பரப்பும் சூடேறியிருக்கிறது. பனிமலைகள் உருகி வருகின்றன. ஆய்வாளர்கள் நகர நிலையங்களின் பதிவைச் சுற்றியுள்ள கிராமப்புற நிலையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தியே உலகச் சராசரியைக் கணக்கிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். நகரத்தில் வாழ்பவர் தலையில் மட்டும் அவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அமர்கின்றன. டோக்கியோவின் சராசரி வெப்பநிலை கடந்த நூறாண்டுகளில் சுமார் 3 டிகிரி உயர்ந்திருக்கிறது. நகரமயம் குறைந்த ஜப்பானியப் பகுதிகளில் உயர்வு அதில் பாதி அளவே. அதே டோக்கியோவில் 2014 டிசம்பரில் வானிலை நிலையத்தை அலுவலகக் கட்டடங்களின் நடுவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள கிட்டானோமாரு பூங்காவுக்கு மாற்றினார்கள். அந்த இடமாற்றத்தால் மட்டுமே குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டது. நகருக்குள்ளேயே, நடந்து போகும் தொலைவில், அவ்வளவு வேறுபாடு!

கேள்வி: நாங்கள் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். மாமனாருக்கு வயது 78. இரவில் அவரால் தூங்கவே முடியவில்லை. ஏசி வாங்கும் வசதி இப்போது இல்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் கவலை முழுவதும் நியாயமானது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாட்களே நீடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் முதியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், ஏசி இல்லாதவர்கள், கட்டடத்தின் கடைசி மாடியில் குடியிருந்தவர்கள் அதிகம் என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. பகலில் சூடேறிய உடம்புக்கு இரவில் ஆறும் வாய்ப்பு கிடைக்காமல் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால், முதியவரின் இதயம் தாங்காது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் வெப்பமான இரவு என்று வானிலைத் துறை அறிவிக்க, அன்றைய பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும் என்பது விதி. பகலில் 37 டிகிரியோடு நின்று, இரவு முழுவதும் புழுக்கத்தில் வேகும் கடலோர நகரங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இந்த விதி மாற வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது தளத்தில் வெயில் ஏறாமல் தடுப்பது. சாம்பல் நிறத்தில் கிடக்கும் காங்கிரீட் மேற்பரப்பு, விழும் வெயிலில் கால்பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. வெள்ளையடித்தால் முக்கால்பங்கு வரை திருப்பி அனுப்பும். பிற்பகலில் மேற்பரப்பின் சூடு பத்து டிகிரிக்கும் மேல் குறைந்துவிடும். வீட்டு உரிமையாளரின் சம்மதம் பெற்று, மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சாகப் பூசுங்கள். சந்தையில் விற்கும் வெள்ளைக் கூரைப் பூச்சு கூடுதல் காலம் உழைக்கும், விலை அதிகம். எதைப் பூசினாலும் தூசி படிந்து நிறம் மங்கினால் பலன் குறையும் என்பதால், பங்குனியில் ஒருமுறை கழுவுவதும், சுண்ணாம்பானால் ஆண்டுதோறும் மறுபடி அடிப்பதும் அவசியம். பூசிய உடனேயே வீடு குளுகுளுவென்று ஆகிவிடாது. நான்கைந்து இரவுகளில் வேறுபாடு தெரியும்.

மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உங்களிடம் இருக்கலாம். ஒவ்வொரு லிட்டர் ஆவியாகும்போதும் 0.7 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும் என்பதால் அது வீண் வேலை அல்ல. குடம் குடமாக ஊற்றி வடிய விடாமல், நனைத்த சாக்குகளை விரித்து வைத்தால் பத்துப் பதினைந்து லிட்டரிலேயே பலன் கிடைக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள தெருவில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது; துணி அலசிய நீர் போதும். மாடியில் பந்தல் போட முடிந்தால், தென்னங்கீற்றோ நிழல்வலையோ, தளத்திலிருந்து இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வெயில் பந்தலோடு நின்றுவிடும், இடையில் காற்றும் ஓடும். பெரியவரின் படுக்கையை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். பகலில் கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புறமாகத் தட்டியோ துணியோ கட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டுப் பெரிய பயனில்லை.

கேள்வி: மரம் நட்டால் தெரு எவ்வளவு குளிரும்? எங்கள் குடியிருப்பில் மரங்களை எடுத்துவிட்டு முழுவதும் பேவர் பிளாக் பதிக்கப் போகிறார்கள்.
— வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: தடுத்து நிறுத்துங்கள். நீர் கிடைக்கும் பெரிய மரம் ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை இலைகள் வழியாக ஆவியாக்கும். அதில் கழியும் வெப்பம் 68 யூனிட், ஒன்றரை டன் ஏசி ஒன்று பதின்மூன்று மணி நேரம் அறையிலிருந்து எடுக்கும் அளவு. சென்னையைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஆவியாதலைவிட நிழலின் பயனே பெரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிழல் விழுந்த தரையும் சுவரும் பகலில் சூட்டைச் சேர்த்து வைப்பதே இல்லை, ஆகவே இரவில் உமிழ்வதற்கும் அவற்றிடம் எதுவும் இருக்காது. கிண்டி தேசியப் பூங்காவின் ஓரமாக இரவில் வண்டியில் போகும்போது முகத்தில் படும் காற்று திடீரென்று மாறுவதை உணராத சென்னைவாசி இருக்க முடியாது.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சாய்ந்த மரங்களைப் பார்த்துவிட்டு, பலர் மரம் என்றாலே பயப்படுகிறார்கள். அவற்றில் பல, அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசி வேர் பரவ இடமில்லாமல் செய்யப்பட்டவை. பேவர் பிளாக் அதே தவற்றைத்தான் செய்கிறது. வாகனம் போகும் பாதைக்கு மட்டும் கல் பதித்து, மரத்தைச் சுற்றி ஆறடியாவது மண்ணாக விடச் சொல்லுங்கள். புதிதாக நடுவதானால் வேம்பு, புங்கை, பூவரசு ஆகியவை நம் மண்ணையும் காற்றையும் அறிந்த மரங்கள்.

தென்கொரியாவின் சியோல் நகரில், ஓர் ஓடையை மூடி அதன் மேல் எழுப்பியிருந்த மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கோடையில் அந்த ஓடைக்கரை பக்கத்துச் சாலைகளைவிடச் சில டிகிரி குளிர்ந்திருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே இடித்துத் திருத்தியதை நம் குடியிருப்புச் சங்கத்தில் ஒரு கூட்டத்திலேயே தவிர்த்துவிட முடியும்.

கேள்வி: இவற்றையெல்லாம் எங்கள் பள்ளி மாணவர்கள் தாங்களே அளந்து பார்க்க முடியுமா?
— ஆசிரியை, தாம்பரம்

பதில்: முடியும், செலவும் அதிகமில்லை. ஒரே வகையான நான்கைந்து வெப்பமானிகளை வாங்கி, முதல் நாள் இரவு எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைக் கடைத்தெருவின் நெருக்கமான சந்தில், ஒன்றை விளையாட்டுத் திடலில், ஒன்றை ஏரிக்கரையில், ஒன்றை வண்டலூர் காட்டோரத்தில் வைக்கலாம். தரையிலிருந்து நான்கு அல்லது ஐந்தடி உயரத்தில், சுவரில் ஒட்டாமல், காற்றுப் புகும்படி துளையிட்டு வெள்ளையடித்த பெட்டிக்குள் இருக்க வேண்டும். சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். அளக்கும் நேரம் விடியற்காலை ஐந்தரை மணி. எல்லா இடங்களிலும் ஒரே நிமிடத்தில் படிக்க வேண்டும் என்பதால், அந்தந்த இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மாணவர்களையே பெற்றோர் துணையோடு பொறுப்பாக்குங்கள்.

கோடை விடுமுறையில் தொடங்கினாலும், தை, மாசியில் மறுபடி அளக்கத் தவறாதீர்கள். மேகமும் காற்றும் இல்லாத அந்த இரவுகளில்தான் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஏறக்குறைய மறைந்தே போகும். அதனால் ஒவ்வொரு நாளும் வெப்பநிலைக்குப் பக்கத்தில், வானத்தில் மேகம் இருந்ததா, மர இலை அசைந்ததா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு பருவத்து எண்களும் சேர்ந்ததும் அனுப்பி வையுங்கள். இந்தப் பகுதியில் அட்டவணையாகவே வெளியிடுகிறோம்.